மரங்கொத்தி எத்தனை நாளைக்கு

பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. வணக்கம். நான் நலம். நீங்களும் என் மகளும் நலமா?

இந்த மூன்று வரிக்கு ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. இது நான் எழுதும் முதல் கடிதம். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. பென்சில் என்னுடையது, பிழையும் என்னுடையது.

நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று மகள் சொல்லியிருப்பாள். டீச்சர் இந்த வாரம் ஒரு சட்டம் போட்டார். "பதில் போடுற ஆளாப் பார்த்து எழுதுங்க. பதில் வராத கடிதம் வெறும் எழுத்துப் பயிற்சிதான்." மகளுக்கு எழுதலாம் என்று போனில் கேட்டேன். "எனக்கு எதுக்குப்பா, நாமதான் தினமும் பேசுறோமே. உங்க மாப்பிள்ளைக்கு எழுதுங்க. வாயைத்தான் திறக்க மாட்டார், கையையாவது திறக்கட்டும்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாம் இருவரும் பேசிக்கொண்டது "எப்ப வந்தீங்க", "இப்பதான்" என்ற இரண்டு சொல்தான். மாப்பிள்ளை முறுக்கு என்று முதலில் நினைத்தேன். முறுக்கெல்லாம் இல்லை, இருப்பே அவ்வளவுதான் என்று பிறகு புரிந்தது. என் கடையிலும் சரக்கு அவ்வளவுதான்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும், பெயர்ப்பலகை. எழுத்துக்கு வெளிக்கோடு போட்டவர் முதலாளி. கோட்டுக்குள் வண்ணம் நிரப்பியது நான். கோடு தாண்டாமல் நிரப்பத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இப்போது தெருவில் நடந்தால் நான் நிரப்பிய சுவரெல்லாம் பேசுகிறது. கடைத்தெரு முனையில் ஆளுயர எழுத்து, நல்ல சிவப்பு, சாரம் கட்டி நிரப்பினேன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மார்பை நிமிர்த்திக்கொள்வேன். நேற்றுதான் வாசித்தேன். "இங்கே குப்பை கொட்டாதீர்கள்." அங்கேயே நின்று சிரித்தேன்.

வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். "இந்த வயசுல கத்துக்கிட்டு எத்தனை நாளைக்கு எழுதப் போறீங்க?" என்று கேட்கிறார். அவரும் படிக்கத்தான் வந்திருக்கிறார், ஆனால் கேள்வி எனக்கு மட்டும்.

நீங்கள் கணினிக்கு ஒரு புதுப் பாஷையில் எழுதுகிறீர்கள் என்று மகள் சொன்னாள். அது என்ன பாஷை? எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

*

பிப்ரவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை அவள் என் கையிலிருந்து பிடுங்கி வாசித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவள் முகத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் இந்த நகரத்தின் குடிநீர்ப் பம்புகளுக்கு நிரல் எழுதுகிறோம். எந்தப் பம்பு எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கணினிக்கு எழுதிச் சொல்வதுதான் நிரல். அதை எழுதப் பல பாஷைகள் உண்டு. இத்தனை காலம் நாங்கள் எழுதியது ஒரு பழைய பாஷை. நம்பகமானது, ஆனால் நாம் தவறாக எழுதினாலும் தலையாட்டிவிட்டு ஓட ஆரம்பிக்கும். தவறு என்று பிறகு தண்ணீர் வராதபோதுதான் தெரியும்.

புதியதன் பெயர் மரங்கொத்தி. நாம் எழுதியதை ஓட்டுவதற்கு முன்பே வரிவரியாகக் கொத்திப் பார்க்கும். எங்காவது உளுத்திருந்தால் அங்கேயே நிறுத்தி, "இது சரியில்லை, திருத்து" என்று சொல்லும். ஒரு பெரிய நிறுவனம் இதை உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. அறிமுகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மண்டபம் நிறைந்து வெளியிலும் ஆட்கள். மேடையில் பேசியவர், இனி உலகத்தில் எல்லா நிரலும் இதில்தான் என்றார். மரங்கொத்தி படம் போட்ட கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அதில்தான் இப்போது தேநீர் குடிக்கிறேன்.

எங்கள் மேலாளரிடம் வாதாடி எல்லாப் பம்புகளையும் இதற்கு மாற்றிவிட்டேன். முழுக்க நானே எழுதினேன். பம்புகளுக்குப் பெயர்கூட நானே வைத்தேன், ஒவ்வொன்றின் குணத்தைப் பார்த்து. இவ்வளவு நான் யாரிடமும் பேசியதில்லை.

லாரிக்காரரின் கேள்வியை மரங்கொத்தியைப் பற்றியும் கேட்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று. நிற்கும், மாமா. எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்புடன்,
மாப்பிள்ளை

*

மார்ச் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். நீங்கள் நலமா? மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

உங்கள் கடிதத்தை வகுப்பில் எழுந்து நின்று வாசித்தேன். முடிப்பதற்குள் லாரிக்காரர் ஒரு தூக்கம் போட்டார். ஆனால் டீச்சர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொல்லித்தருவது சம்பளமில்லாத வேலை. பகலில் ஓர் அலுவலகத்தில் காகிதத்தில் இருப்பதைப் பார்த்துக் கணினியில் அடிக்கிறார். அந்தக் காகிதத்தை இனி இயந்திரமே வாசித்துக்கொள்ளுமாம். வருடக் கடைசியில் அந்தப் பிரிவை மூடுகிறார்கள். அதற்குள் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று இருக்கிறார். வீட்டில் அம்மாவும் தம்பியும் அவரை நம்பித்தான். பழைய பாஷைக்கான பயிற்சி வகுப்பில் இடம் சொல்லி வைத்திருந்தார்.

நான் சும்மா இருப்பேனா? வகுப்பு முடிந்ததும் போய்ச் சொல்லிவிட்டேன். "பழசு எதுக்கு டீச்சர்? மரங்கொத்தியைப் படிங்க. என் மாப்பிள்ளை கையில இருக்கு." லாரிக்காரர் விடவில்லை. "எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சு முழுசா ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள பாஷைக்கு வக்காலத்தா?" என்றார். நான் சொன்னேன், "புதுசாப் படிச்சவனுக்குத்தான்யா புதுசோட அருமை தெரியும்."

டீச்சர் சிரித்தார். ஆனால் யோசிக்கிறார். உங்களைக் கேட்டு எழுதச் சொன்னார். நன்றாக விவரமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

*

ஏப்ரல் 27

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

இங்கே வெயில் அதிகம். அலுவலகத்தில் எல்லோருக்கும் புது நாற்காலி வந்திருக்கிறது, முதுகுக்கு நல்லது என்கிறார்கள். பால்கனித் தொட்டியில் அவள் வைத்த செடி பூத்திருக்கிறது.

டீச்சர் நிதானமாக முடிவெடுக்கலாம். இரண்டு பாஷையையும் தெரிந்துகொள்வது நல்லது. அவசரம் ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

*

மே 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நான் நலம். நாற்காலியும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் நான் கேட்டது மரங்கொத்தி, நீங்கள் எழுதியது நாற்காலி. அந்தக் கோப்பையில் இன்னும் தேநீர் குடிக்கிறீர்களா? வேலை அதிகமாக இருக்கும். மகளிடம் கேட்டேன். "அவரையே கேளுங்கப்பா" என்று போனை வைத்துவிட்டாள். அவள் அவ்வளவு சீக்கிரம் போனை வைக்கிறவள் இல்லை.

இங்கே சேதி ஒன்று உண்டு. டீச்சர் மரங்கொத்தியில் சேர்ந்துவிட்டார். பழைய பாஷை வகுப்பில் தன் இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். வகுப்பில் எங்களைத் திருத்துகிற அதே பென்சிலால் இடைவேளையில் தன் பாடத்தை எழுதிப் பார்க்கிறார். அது அவரைக் கொத்துகிறதாம். "நான் உங்களைக் கொத்துறதுக்கு இது எனக்குத் தண்டனை" என்கிறார்.

நேற்று பேருந்தில் வந்தேன். நடத்துநர் "சோப்புக்கடை, சோப்புக்கடை" என்று கத்தினார். அங்கே சோப்புக்கடை கிடையாது. இருந்தது. அந்தப் பலகைக்கு வண்ணம் போட்டது நான்தான், நீலம். கடை போய், பலகை போய், இடத்தில் வங்கி வந்துவிட்டது. நிறுத்தம் மட்டும் சோப்புக்கடை. இறங்கியவர்களில் ஒருவர்கூட அந்தக் கடையைப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது, உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

*

ஜூன் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நலமா? உங்கள் பதில் வரவில்லை. நான் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

இன்று சவரம் செய்துகொள்ள சலூனுக்குப் போனேன். இப்போதெல்லாம் அங்கே செய்தித்தாளை நான்தான் முதலில் எடுக்கிறேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. உள்பக்கத்தில், கீழே, மரங்கொத்தி என்று எழுதியிருந்தது. தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தேன். சலூன்காரர் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "பெரியவரே, ஒண்ணு படிங்க, இல்ல தாடையைக் குடுங்க. ரெண்டும் ஒரே நேரத்துல ஆகாது." படிக்கிறேன் என்றேன். சோப்பு நுரை காய்ந்துபோனது.

அதை உருவாக்கிய பெரிய நிறுவனம் கைகழுவிவிட்டது. அதில் வேலை செய்தவர்களை அனுப்பிவிட்டது. இது நடந்தது ஏப்ரலில். அப்படித்தான் போட்டிருந்தது.

உங்கள் நாற்காலி இப்போது எனக்குப் புரிகிறது.

செய்தித்தாளைச் சலூன்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே டீச்சரிடம் போனேன். நானே சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது. அவர் வாசித்தார். மடித்தார். "சேர்றதுக்கு முந்தி நான்தான் விசாரிச்சிருக்கணும். உங்க மேல தப்பு இல்லை" என்றார். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன்.

பழைய பாஷை வகுப்பில் இப்போது இடம் இல்லை. வருடக் கடைசி வரைக்கும்தான் அவருக்கு வேலை இருக்கிறது. மாப்பிள்ளை, நான் உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். மரங்கொத்தி நிற்குமா, நிற்காதா? என்னைச் சந்தோஷப்படுத்தப் பதில் எழுதாதீர்கள். அவருக்காக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

*

ஜூன் 22

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசு உங்கள் கடிதம் வந்த பிறகுதான் கொஞ்சம் லேசானது.

டீச்சரைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்த வாரம்தான் அந்தச் செய்தி வந்தது. நீங்கள் எழுந்து நின்று வாசித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு இதை எப்படி எழுதுவது? அதனால் நாற்காலியைப் பற்றி எழுதினேன். எழுதாமல் இருந்திருந்தாலாவது அவர் வேறு யாரிடமாவது விசாரித்திருப்பார். நான் எழுதிக் கெடுத்தேன்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் அந்த நிறுவனத்தின்மேல் இல்லை, என்மேல். "இதை எழுதினவன் நீ ஒருத்தன். படிக்கத் தெரிஞ்சவனும் நீ ஒருத்தன். நீ ஒரு வாரம் படுத்துட்டா இந்த ஊரு தண்ணிக்கு நான் யாரைக் கேட்கிறது?" எல்லாவற்றையும் பழைய பாஷைக்கே மாற்றிவிடலாம் என்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அதை விட்டுவைக்க ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் நான் ஒரு வாரம் விடுப்பில் போக வேண்டும். நிரலைத் தொடக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. வேறொருவர் அதை வாசித்து, பழுது வந்தால் சரிசெய்ய வேண்டும். முடிந்தால் மரங்கொத்தி இருக்கும். முடியாவிட்டால் போகும்.

இப்போது உங்கள் கேள்வி. நன்றாக யோசித்து எழுதுகிறேன். நிற்கும்.

மேடையில் சொன்ன மாதிரி நிற்காது. உலகத்தையெல்லாம் ஆளாது, மண்டபம் நிறையாது, கோப்பை கொடுக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பாஷை அந்த நிறுவனத்தின் பெட்டிக்குள் இல்லை. திறந்துவிட்டதைத் திரும்பப் பூட்ட முடியாது. அனுப்பப்பட்டவர்கள் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னும் அதைச் சீர்செய்கிறார்கள். அதைவிட முக்கியம், எங்களைப் போலப் பலர் அதில் தண்ணீர், ரயில், மருந்துக் கிடங்கு என்று எதை எதையோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நன்றாக ஓடுவதை ஆசைக்காக யாரும் பிரித்துப்போட மாட்டார்கள். கடை போனாலும் சோப்புக்கடை நிறுத்தத்தில் ஆள் இறங்குகிறார்கள் அல்லவா, அப்படி.

அதைப் படித்தவர்கள் குறைவு. அதனால் படித்தவர்களுக்கு வேலை இருக்கும். இதை டீச்சரிடம் சொல்லுங்கள். அந்த வாரம் நிரலை வாசித்து எனக்கு உதவுவாரா என்று நான் கேட்க மாட்டேன். சிக்கலில் மாட்டிவிட்டவனே லாபமும் பார்ப்பது போல ஆகிவிடும்.

அன்புடன்,
மாப்பிள்ளை

*

ஜூலை 4

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நலம் என்று நம்புகிறேன். உங்கள் மாமனாரின் வகுப்பாசிரியை எழுதுகிறேன். நீங்கள் இருவரும் இத்தனை மாதமாக என் பிழைப்பைப் பற்றி இவ்வளவு எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. அவர் கடிதங்களைக் காட்டினார். எழுத்து நன்றாக முன்னேறியிருக்கிறது.

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் நிரலை நான் வாசிக்கிறேன். இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். இது எனக்கு இரக்கப்பட்டுத் தரும் வேலையாக இருக்கக்கூடாது. உங்கள் மேலாளர் என்னைச் சோதித்துப் பார்க்கட்டும், தேறினால் முறைப்படி சம்பளம் தரட்டும். அவர் அனுமதியோடு அனுப்பினால்தான் திறந்து பார்ப்பேன்.

இன்னொன்று. என் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதைப் பக்கத்தில் இருப்பவர்தான் சத்தமாக வாசிப்பார். எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. வாசிப்பவர் எங்கே தடுக்குகிறாரோ, அங்கே திருத்த வேண்டியது எழுதியவர். உங்கள் மாமனார் இதில் ரொம்பச் சிரமப்பட்டார், நடுவில் புகுந்து விளக்கம் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. உங்களுக்கும் சிரமமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆசிரியை

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். இந்தத் தொடரை டீச்சர் சொல்லித்தந்தார், எல்லோரும் எழுதுவதாம். எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் மேலாளர் டீச்சரைச் சோதித்ததும் அவர் தேறியதும் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். அவர் தினமும் மாலை வகுப்புக்கு முன்னால் நூலக மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உங்கள் நிரலைப் படிக்கிறார். தடுக்கும் இடத்தில் எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதுகிறார். காகிதம் நிறைய இருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

நேற்று என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரு?" என்று கேட்டார். எதற்கு என்றேன். "இதுல பெரிய அக்கான்னு ஒரு பம்பு இருக்கு. சின்ன மச்சான்னு ஒண்ணு இருக்கு. அத்தைன்னு ஒண்ணு, சத்தம் அதிகம்னு போட்டிருக்கு. உங்க மாப்பிள்ளை பம்பு ஓட்டுறாரா, குடும்பம் நடத்துறாரா?" லாரிக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் இருக்கிறேனா என்று கேட்டேன். இருக்கிறேனாம். மாமா என்று ஒரு பம்பு, பழைய நிலையத்தில். அது எப்படிப்பட்ட பம்பு என்று கேட்டதற்கு டீச்சர் சொல்ல மறுத்துவிட்டார். "அதை வச்சவரையே கேளுங்க" என்றார்.

கேட்கிறேன். நான் எப்படிப்பட்ட பம்பு?

விடுப்பு வாரத்துக்கு எங்கே போகப் போகிறீர்கள்? மகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்றாள். நீங்கள் மட்டும் இங்கே வாருங்கள். வீட்டில் கம்பிக் கதவுக்கு வண்ணம் போட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மாமா

*

செப்டம்பர் 24

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலமா? கடிதம் வேண்டாம் என்று சொன்னாய். இது போனில் சொன்னால் தீர்ந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். நான் "எப்ப வந்தீங்க" என்றேன். அவர் "இப்பதான்" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் காலையில் பம்பு நின்றுவிட்டது. சின்ன மச்சான். டீச்சருக்கு உன் வீட்டுக்காரரின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. டீச்சர் அந்த வாரம் தன் அலுவலகத்துக்கு விடுப்பு போட்டுவிட்டு நூலகத்தில், மாப்பிள்ளை என் வீட்டில், நடுவில் ஒரு தெரு. அவர் போகக்கூடாது, பேசக்கூடாது. நான் தூரிகையைக் கையில் கொடுத்து, கம்பிக் கதவுக்கு வண்ணம் போடச் சொன்னேன். போட்டார். ஒரே கம்பிக்குத் திரும்பத் திரும்பப் போட்டார். நான் தடுக்கவில்லை, கதவு என்னுடையது என்றாலும்.

அப்போது பேசினார். "நான் லீவு போட்டதே இல்லை மாமா. போட்டா தெரிஞ்சிடும்னு பயம்."

"என்ன தெரிஞ்சிடும்?"

"நான் இல்லாம அது ஓடாதுன்னு." தூரிகையை டப்பாவில் வைத்தார். "இல்ல, ஓடிடும்னு. எதுக்குப் பயந்தேன்னு இப்பக் கேட்டா தெரியல."

வெயில் ஏறுவதற்குள் டீச்சர் வாசலுக்கு வந்துவிட்டார். பம்பு ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்தப் பம்பின் தொட்டியில் நீர்மட்டம் காட்டும் மானி அடிக்கடி சிக்கிக்கொள்ளுமாம். தொட்டி நிறைந்துவிட்டது என்று நினைத்துப் பம்பு நின்றுவிடும். மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் தன் இடத்திலிருந்தே அதைத் தட்டி எழுப்பி எழுப்பிப் பழகிவிட்டார், நிரலில் எழுதி வைக்கவே இல்லை. எப்போதும் ஒரே கை எழுப்புவதை டீச்சர் கணினியின் பதிவுகளில் பார்த்திருக்கிறார். நிற்பதற்கு முன்னால் இன்னொரு மானியையும் கேட்டுவிட்டு நில் என்று ஒரு விதி எழுதினார். மரங்கொத்தி கொத்திப் பார்த்தது, விட்டுவிட்டது.

"சின்ன மச்சான்னா யாரு?" என்று டீச்சர் கேட்டார்.

"என் மனைவியோட தம்பி" என்றார் மாப்பிள்ளை.

"அவரு எப்பவும் சொல்லாமக் கொள்ளாமத்தான் கிளம்பிப் போவாரா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். உன் தம்பியைப் பற்றி நான் பொய் சொல்ல முடியுமா? ஆமாம் என்றேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? பேரை மாத்துங்க. எந்த நிலையம், எந்தத் தொட்டின்னு படிச்சா தெரியணும்." மாப்பிள்ளை தலையாட்டினார். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். கை முழுக்கப் பச்சை வண்ணம்.

மீதி நாள் முழுக்கப் பேசினார். நீ நம்ப மாட்டாய். ஒரு கட்டத்தில் நான்தான் தூங்கப் போகட்டுமா என்று கேட்டேன்.

இப்படிக்கு,
அப்பா

*

அக்டோபர் 29

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். கதவு காய்ந்துவிட்டதா?

மேலாளர் முடிவு சொன்னார். மரங்கொத்தி இருக்கிறது. பக்கத்து நகரத்தின் பம்புகளையும் அதிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார். டீச்சருக்கு ஜனவரியிலிருந்து நிரந்தர வேலை. உங்கள் ஊரிலிருந்தே செய்யலாம், மாலை வகுப்பை விட மாட்டேன் என்று அவர் போட்ட நிபந்தனையையும் ஏற்றுக்கொண்டார்கள். என்னிடம் மேலாளர் சொன்னது ஒன்றுதான். "இப்ப நீங்க தாராளமா லீவு போடலாம்."

பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டோம். அக்காவும் அத்தையும் சின்ன மச்சானும் இப்போது நிலையத்தின் பெயரிலும் தொட்டியின் எண்ணிலும் ஓடுகிறார்கள். ஒன்றை மட்டும் டீச்சர் மாற்ற விடவில்லை. நான் மாற்றத் தயாராக இருந்தேன், அவர்தான் விடவில்லை. அதற்குப் பதில், பின்னால் வந்து படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்று மேலே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். நிரலில் அப்படிக் குறிப்பு எழுதலாம். கணினி அதைப் படிக்காது, மனிதர்கள் படிப்பார்கள்.

நீங்கள் ஆகஸ்டில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. நான் நினைத்ததை அவர் என்னைவிட நன்றாக எழுதிவிட்டதால் அதையே இங்கே பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

"மாமா: பழைய நிலையம், முதல் பம்பு. மெதுவாகத் தொடங்கும். தொடங்கிவிட்டால் நிற்காது. அவசரப்படுத்த வேண்டாம்."

இந்தப் பெயரை நான் வைத்தது நீங்கள் பென்சில் பிடிப்பதற்கு முன்பு.

அன்புடன்,
மாப்பிள்ளை

*

நவம்பர் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நான் மிகவும் நலம். நீங்களும் மகளும் அப்படியே இருக்க வேண்டும்.

கதவு காய்ந்துவிட்டது. ஒரு கம்பி மட்டும் மற்றதைவிடத் தடிமனாக இருக்கிறது. வருகிறவர்கள் கேட்கிறார்கள், மாப்பிள்ளை வேலை என்று சொல்கிறேன்.

அந்த வரியை வகுப்பில் வாசித்தேன். டீச்சர் அந்த நேரம் பார்த்து ஜன்னலைச் சாத்தப் போய்விட்டார். பக்கத்தில் இருப்பவர்தான் வாசிக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால் லாரிக்காரரிடமும் கொடுத்தேன். அவர் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. முதல் முறையாக ஒரு முழு வரியைத் தடுக்காமல் வாசித்தார். அதற்குத் தன்னைப் பாராட்டச் சொன்னார். பாராட்டினேன்.

பிறகு பழக்க தோஷத்தில் மறுபடி கேட்டார். "அதெல்லாம் சரி, இன்னும் எத்தனை நாளைக்கு எழுதப் போறீங்க?"

நான் பென்சிலைச் சீவிக்கொண்டேன். இந்தக் கடிதத்தை முடிக்க வேண்டியிருந்தது.

பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
முதல் பம்பு